டாக்டர் மாறுதலில் போனால் மாத்திரையும் கூடவே போய்விடுமா?

தமிழ்நாட்டின் மாவட்ட, வட்ட அரசு மருத்துவமனைகளை நடத்துகிற மருத்துவ அலுவலர்களுக்கும், அவர்களுடைய கோப்புகளில் கையெழுத்துப் போடுகிற மேலதிகாரிகளுக்கும்,

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு மருத்துவமனையில், புற்றுநோய் போன்ற கடுமையான வலிக்குக் கொடுக்கிற மார்ஃபின் மாத்திரை இனிமேல் கிடையாது. இப்படி யாரும் உத்தரவு போடவில்லை. அந்த மாத்திரையை எழுதிக் கொடுக்கப் பயிற்சி பெற்றிருந்த ஒரே டாக்டர் பொது மாறுதலில் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவருக்கு அந்தப் பயிற்சி இல்லை, அனுப்பி வைக்கவும் யாருக்கும் தோன்றவில்லை, இருந்த ஸ்டாக் தீர்ந்ததும் புதிதாகக் கேட்டு எழுதவும் இல்லை. மருந்து கொடுக்கும் ஜன்னலில் இருந்தவர், "இனி அது இங்க வராதும்மா, பெரிய ஊருக்குப் போயிக்கோங்க, இல்லன்னா வேற வலி மாத்திரை எழுதி வாங்கிக்கோங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையில் இல்லாததை அவர் எப்படித் தருவார்?

மருத்துவமனையின் பெயரை நான் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதினால் அந்த ஒரு இடத்தில் விளக்கம் கேட்பீர்கள், அந்த ஜன்னல்காரருக்கு ஒரு மெமோ போகும், கோப்பு மூடப்படும். அம்மாவின் புற்றுநோய் சிகிச்சைக்காகப் போனபோது கீமோ வார்டு வாசலிலும் ரேடியேஷன் பிரிவு பெஞ்சிலும் கூட உட்கார்ந்திருந்தவர்கள் அவரவர் ஊர்ப்பெயரைச் சொல்லி இதே கதையைத்தான் சொன்னார்கள்.

என் அம்மாவுக்கு 58 வயது. முதலில் மார்பகத்தில் கட்டி. அதைக் கொஞ்ச நாள் எங்களிடம் மறைத்தார், எல்லா அம்மாக்களையும் போல. அப்புறம் மேமோகிராம், ஊசி வைத்து சதை எடுத்துப் பரிசோதனை, ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன். அந்தச் சுற்றைப் பற்றி நான் இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அதில் குறை சொல்ல எனக்கு அவ்வளவாக எதுவும் இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது, சர்ஜன் நல்லவர், முடி கொட்டியபோது வார்டு நர்ஸ் அம்மாவைச் சிரிக்க வைத்தார். ஹார்மோன் மாத்திரையைத் தினம் ஒன்று போட்டுக்கொண்டு அம்மா மறுபடியும் சமைத்தார், கல்யாணங்களுக்குப் போனார், என்னைத் திட்டினார்.

பிறகு முதுகு வலி வந்தது. வயசு என்று நினைத்தோம், தைலம் தேய்த்தோம், எலும்பு டாக்டர் பெல்ட் கொடுத்தார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் எலும்புக்குப் பரவியிருக்கிறது. இந்த இடத்திலிருந்துதான் உங்களோடு எனக்குப் பேச்சு.

எலும்பில் புற்றுநோய் வந்தவரின் வலியைப் பக்கத்தில் இருந்து பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். டாக்டர்களாகிய உங்களுக்கு அது தெரிந்திருக்கும், ஆனால் நீங்கள் பார்ப்பது ஓ.பி.யில் சில நிமிடம், நாங்கள் பார்ப்பது ராத்திரி முழுக்க. அம்மாவால் படுக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் ஸ்டூலில் தலையணை வைத்து, அதில் நெற்றியைச் சாய்த்துத் தூங்குவார், தூக்கம் என்று அதைச் சொல்லலாமா தெரியவில்லை. இருமினால் உடம்பே தூக்கிப் போடும் என்பதால் இருமலை அடக்குவார். குளிக்க உட்கார வைக்கும்போது என் தோளைப் பிடிக்கிற பிடியில் விரல் தடம் பதிந்துவிடும். சாப்பாடு இறங்காது. சாப்பிடாததால் ரத்தம் குறையும், ரத்தம் குறைந்தால் சிகிச்சையைத் தள்ளிப் போடுவார்கள். வலியைக் குறைப்பது வேறு, நோயைக் குணப்படுத்துவது வேறு என்று நினைக்கிற யாரும் எங்கள் வீட்டில் ஒரு வாரம் வந்து தங்கலாம்.

பெரிய மருத்துவமனையில் வலி நிவாரணப் பிரிவு என்று தனியாக ஒன்று இருக்கிறது என்பதே எங்களுக்கு ஒரு சக நோயாளியின் கணவர் சொல்லித்தான் தெரியும். அங்கே இருந்த டாக்டர் அம்மா சொன்னதை நிதானமாகக் கேட்டார். முதுகெலும்புக்கு ஒரே ஒரு தடவை ரேடியேஷனுக்கு ஏற்பாடு செய்தார். எலும்பு வலிக்குப் பல நேரங்களில் பல நாள் கொடுப்பதும் ஒரே தடவையில் கொடுப்பதும் வலி குறைவதில் ஏறக்குறைய ஒரே பலன்தான் என்று விளக்கினார், எங்களுக்கு அதில் மிச்சமான அலைச்சல் கொஞ்சமில்லை. கூடவே மார்ஃபின், 10 மில்லிகிராம் மாத்திரை. காலை 6, 10, மதியம் 2, மாலை 6, ராத்திரி 10 மணிக்கு மட்டும் இரண்டு, நடுராத்திரியில் எழுப்ப வேண்டியதில்லை என்பதற்காக. இந்த மாத்திரையின் வேலை ஏறக்குறைய நாலு மணி நேரம்தான், அதனால் வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, வருவதற்கு முன்னாலேயே கடிகாரத்தைப் பார்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்று என்னிடம் மட்டுமில்லாமல் அப்பாவிடமும் சொன்னார். மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்று அதற்கும் மருந்து எழுதினார். முதல் சில நாள் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருக்கும், பழகிவிடும் என்றார். அவர் சொன்ன மாதிரியே நடந்தது.

அந்த வாரத்தில் அம்மா படுத்துத் தூங்கினார். காலையில் எழுந்து, "என்னடி காப்பி இது, கழுவின தண்ணி மாதிரி" என்றார். வீட்டில் எல்லாருக்கும் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்த டாக்டரே எங்கள் பக்கத்து அரசு மருத்துவமனையில் பயிற்சி பெற்ற ஒருவர் இருக்கிறார் என்று பார்த்துச் சொல்லி, கடிதம் எழுதிக் கொடுத்து, மாதா மாதம் மாத்திரையை அங்கேயே வாங்கிக்கொள்ள வழி செய்தார். கொஞ்ச காலம் அது ஒழுங்காக நடந்தது. அரசாங்கத்தால் இது முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், முடிந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். மாறுதல் வரும்வரை முடிந்தது.

ஸ்டாக் தீர்ந்த அன்று எங்களுக்குக் கிடைத்தது ட்ரமடால், மார்ஃபினைவிட வீரியம் குறைந்த வலி மாத்திரை. ட்ரமடால் கெட்ட மருந்து இல்லை, ஆனால் அதற்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் என்று உச்சவரம்பு இருக்கிறது, அதைத் தாண்டிக் கொடுக்க முடியாது, அம்மாவின் வலி அந்த எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வாரக்கணக்கில் மார்ஃபின் போட்ட உடம்பில் அதைத் திடீரென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, உடம்பு முறுக்கல், ஒரு இடத்தில் இருக்க முடியாத தவிப்பு எல்லாம் வரும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஆக வலியும் திரும்பி வந்தது, நிறுத்தியதால் வரும் அவஸ்தையும் சேர்ந்து வந்தது. கேஷுவாலிட்டியில் டைக்ளோஃபினாக் என்கிற சாதாரண வலி ஊசி போட்டு அனுப்பினார்கள். பணியில் இருந்த இளம் டாக்டர் அந்தத் தவிப்பைப் பார்த்துவிட்டு, "பாருங்க, அடிக்ட் ஆயிட்டாங்க, இதனாலதான் நாங்க இதெல்லாம் குடுக்கறதில்ல" என்றார். அம்மா காதில் விழும்படி சொன்னார். வாழ்நாளில் வெற்றிலைகூடப் போடாதவர் என் அம்மா. மருந்துக்கு உடம்பு பழகிப்போவது வேறு, போதைக்கு அடிமையாவது வேறு என்று பெரிய மருத்துவமனை டாக்டர் ஜவுளிக்கடையில் பில் போடுகிற எனக்குப் புரியும்படி ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டார். எம்.பி.பி.எஸ். முடித்தவருக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையா?

மெடிக்கல் ஷாப்புகளில் கேட்டுப் பார்த்தோம். ஒருவர், "பெயரைக்கூடச் சத்தமா சொல்லாதீங்கம்மா, போலீஸ் கேஸ் ஆயிடும்" என்றார். அவர் பயம் வானத்திலிருந்து குதித்து வந்ததில்லை. 1985-இல் வந்த என்டிபிஎஸ் என்கிற போதைப்பொருள் சட்டத்தில் கடத்தல்காரனுக்கும் ஒரு கணக்கு எழுத மறந்த மருந்தாளுநருக்கும் பெரிய வித்தியாசம் பார்க்காத அளவுக்குக் கடுமையான தண்டனைகள் இருந்தன. பல மாநிலங்களில் மார்ஃபின் வாங்கி வைக்க ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளில் லைசென்ஸ் வேண்டியிருந்தது, ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். மருத்துவமனைகள் எதற்கு வம்பு என்று கையை விட்டன, நாட்டில் மருத்துவத்துக்கான மார்ஃபின் உபயோகம் சொற்பமாகிப் போனது. இத்தனைக்கும் மார்ஃபினுக்கு மூலப்பொருளான அபினியைச் சட்டப்படி கசகசாச் செடி வளர்த்து எடுக்கிற நாடு இது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் விவசாயிகள் லைசென்ஸோடு பயிரிடுகிறார்கள், நீமுச்சிலும் காஜிப்பூரிலும் அரசுத் தொழிற்சாலையே இருக்கிறது, வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்கு நம் அபினி கப்பலேறிப் போகிறது. எங்கள் வட்டத்துக்கு மட்டும் வரவில்லை.

ஆனால் நீங்கள் அந்தச் சட்டத்தைக் காரணமாக இனி சொல்ல முடியாது. 2014-இல் நாடாளுமன்றம் அதைத் திருத்திவிட்டது. மார்ஃபின் உட்பட ஆறு மருந்துகளை அத்தியாவசியப் போதை மருந்துகள் என்று பிரித்து, நாடு முழுக்க ஒரே விதி என்று 2015-இல் கொண்டு வந்தார்கள். பத்து லைசென்ஸ் வேண்டாம், மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் 'அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்' என்று ஒரு அங்கீகாரம் போதும். வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற டாக்டர் இருக்க வேண்டும், வருடத் தேவையைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும், வரவு செலவு பதிவேடு எழுத வேண்டும், கணக்கை அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். தீபாவளி சீசனில் எங்கள் கடையில் நாங்கள் எழுதுகிற ஸ்டாக் கணக்கு இதைவிடப் பெரிது, தணிக்கையும் கடுமை.

அந்த விதியில் கவனியுங்கள், அங்கீகாரம் நிறுவனத்துக்குத்தான் கொடுக்கப்படுகிறது. நடைமுறையில் நீங்கள் அதை ஒரு தனி மனிதரின் பெட்டியில் வைத்து அவரோடு பஸ் ஏற்றி அனுப்பிவிடுகிறீர்கள். மயக்க மருந்து டாக்டர் மாறுதலில் போனால் ஆபரேஷன் தியேட்டரைப் பூட்டிவிட்டு, இனி ஆபரேஷன் பெரிய ஊரில்தான் என்று போர்டு மாட்டுவீர்களா? மாட்ட மாட்டீர்கள், மறுநாளே கலெக்டர் வந்து நிற்பார். வலி மருந்துக்கு யாரும் வந்து நிற்பதில்லை, ஏனென்றால் வலியில் இருப்பவரால் வர முடியாது, கூட இருப்பவர்கள் அவரை விட்டுவிட்டு வர முடியாது. உங்களுக்கு மனுக்கள் குவியாததற்கு அதுதான் காரணம், தேவை இல்லாததால் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

தமிழ்நாட்டுக்கு இது புரியாத விஷயமும் இல்லை. தங்கை புற்றுநோயில் பட்ட பாட்டைப் பார்த்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிய மாநிலம் இது. மருந்தை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்ப 1994-இலேயே மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒன்றை உண்டாக்கி, மற்ற மாநிலங்கள் வந்து பார்த்து அதேபோல் அமைத்துக்கொண்ட மாநிலமும் இதுதான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து நோய் ஆதரவு சிகிச்சை தருவதும் ஒரு பகுதி. அந்த நர்ஸ் எங்கள் வீட்டுக்கும் வருகிறார். வெயிலில் ஸ்கூட்டியில் வருகிற அந்தப் பெண்ணை அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும், புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று எனக்குக் கற்றுக் கொடுத்தவர் அவர்தான். வலி எவ்வளவு என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறார். பத்துக்கு எட்டு என்று எழுதுகிறார். எழுதியதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்ய முடியும், பையில் பாராசிட்டமால் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் சில நண்பர்களும் சிறிய அளவில் தொடங்கிய வலி நிவாரண சேவை வளர்ந்து, 2008-இல் மாநில அரசின் கொள்கையாகவே ஆகிவிட்டது. அவர்களுக்கும் அதே என்டிபிஎஸ் சட்டம்தான்.

இப்போது அம்மாவுக்கான மாத்திரையைப் பெரிய ஊருக்குப் போய்த்தான் வாங்கி வருகிறேன். விடியற்காலை பஸ், அங்கே சீட்டு, வரிசை, ஜன்னல், திரும்ப ராத்திரி. அன்றைக்குச் சம்பளம் கிடையாது. அன்று முழுக்க அப்பா ஒருவரே அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார், அவருக்கே சர்க்கரை. "பேஷன்ட்டைக் கூட்டிக்கிட்டு வரணும்" என்று ஒரு முறை சொன்னார்கள். முதுகெலும்பு நொறுங்குகிற நிலையில் இருப்பவரை அந்த ரோட்டில் பஸ்ஸில் கூட்டி வரச் சொல்கிறவர் அந்தப் பஸ்ஸில் ஒரு தடவை கடைசி சீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இத்தனைக்கும் ஒரு மாத்திரையின் விலை சில ரூபாய். என்னால் இவ்வளவாவது முடிகிறது. பத்தாவது படிக்கிற பையனும் வலியில் கிடக்கிற அம்மாவும் மட்டும் இருக்கிற வீட்டில் என்ன நடக்கும்? அங்கே யாரும் பெரிய ஊருக்குப் போவதில்லை. அங்கே வலிதான் நடக்கும், கதவைச் சாத்திக்கொண்டு.

இனி நான் கேட்பது.

ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் குறைந்தது இரண்டு டாக்டர்களுக்கும் ஒரு நர்ஸுக்கும் வலி நிவாரணப் பயிற்சி கொடுங்கள். சில வாரங்களில் முடிகிற பயிற்சிகள் இருக்கின்றன. பயிற்சி பெற்றவரை மாற்றுவதாக இருந்தால், பயிற்சி பெற்ற இன்னொருவர் வந்து பொறுப்பேற்ற பிறகுதான் அவரை விடுவிக்க வேண்டும் என்று மாறுதல் விதியில் எழுதுங்கள். ஒரு வரி போதும், பணம் செலவில்லை. இந்த மடலில் மற்ற எதையும் நீங்கள் செய்யாவிட்டாலும் இதையாவது செய்யுங்கள்.

வட்ட மருத்துவமனைகளுக்கும் படிப்படியாக அந்த அங்கீகாரம் வாங்குங்கள், முதலில் புற்றுநோய் சிகிச்சை மையத்திலிருந்து தூரமாக இருக்கும் வட்டங்களுக்கு. அங்கீகாரம் எப்போது காலாவதியாகிறது என்று பார்த்து முன்கூட்டியே புதுப்பிக்க ஒரு ஆளைப் பொறுப்பாக்குங்கள்.

ஸ்டாக் தீர்ந்த பிறகு கேட்டு எழுதாதீர்கள். இந்த அளவுக்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு குறைந்தபட்ச இருப்பை வையுங்கள், அது வந்ததும் கேளுங்கள். ஒருவேளை தீர்ந்தே போனால், அன்றைக்கு அந்த நோயாளிக்கு எங்கே கிடைக்கும் என்று போன் செய்து கேட்டுச் சொல்வது மருத்துவமனையின் வேலையாக இருக்கட்டும், "பெரிய ஊருக்குப் போங்க" என்பது பதிலாக இருக்க வேண்டாம். மாவட்டம் வாரியாக எந்தெந்த மருத்துவமனையில் மார்ஃபின் கிடைக்கும் என்ற பட்டியலை வெளிப்படையாக, தமிழில், மருந்து ஜன்னல் பக்கத்திலேயே ஒட்டுங்கள். மறைத்து வைக்கிற சமாச்சாரம் இல்லை இது, தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிற மருந்து.

எழுந்து வர முடியாதவர்களுக்காக, அடையாள அட்டையோடும் சீட்டோடும் வருகிற வீட்டு ஆளிடம் மாத்திரையைக் கொடுங்கள். வீட்டுக்கு வருகிற நர்ஸ் எழுதுகிற வலிக் கணக்கை டாக்டர் பார்த்து, விதி அனுமதிக்கிற நாளுக்கு எழுதிக் கொடுக்கட்டும். அந்த நோட்டுக்கும் ஓ.பி. டாக்டருக்கும் இப்போது எந்தச் சம்பந்தமும் இல்லை.

கேஷுவாலிட்டியில் வேலை பார்க்கிற இளம் டாக்டர்களை உட்கார வைத்து அரை நாளாவது இதைப் பற்றிப் பேசுங்கள். என் அம்மாவிடம் வந்து யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம், அடுத்தவருடைய அம்மாவை அடிக்ட் என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

அடுத்த வருடத்துக்கான மருந்துத் தேவைக் கணக்கை நீங்கள் அனுப்பத்தான் போகிறீர்கள். அதில் உங்கள் மருத்துவமனைக்கு மார்ஃபின் எத்தனை மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள், பூஜ்யம் என்றால் ஏன் பூஜ்யம், இதைப் பொதுவில் சொல்லுங்கள். எனக்குத் தனியாகப் பதில் போட வேண்டாம்.

இப்படிக்கு,
நோயாளியின் மகள்